பிள்ளையை மனநல உள்ளிருப்புச் சிகிச்சையில் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்: பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூரிலிருந்து வரும் பேருந்து மடிவாளாவைத் தாண்டும்போதே, மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஃபைலை வைத்திருப்பவர்கள் எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுவார்கள். டெய்ரி சர்க்கிளைக் கடந்தால் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை. இறங்குபவர்களில் சிலர் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, கன்னடமும் ஆங்கிலமும் பிடிபடாத தமிழ்க் குடும்பங்களுக்குப் பேச்சுத் துணையாக நான் இத்தகைய இடங்களுக்குப் போய்வருகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருபவர்களும் உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாக இருப்பவர்களும் உண்டு. எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எங்க சேத்தா நல்லா பாத்துப்பாங்க?"

நான் மருத்துவர் அல்ல. ஆகையால் எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் ஓர் இடத்தின் தரத்தைப் பெற்றோர் எப்படிக் கண்டறியலாம், சேர்த்த பிறகு அந்தத் தரம் குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். நான் பார்த்தவரையில், பளபளப்பான கட்டடத்தையும் கையேட்டில் அச்சிட்ட வாசகங்களையும்விட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. பெற்றோரை உள்ளே வரவும், உடனிருக்கவும், கேள்வி கேட்கவும் அந்த இடம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதே அது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சோதிக்கும் வழிகள்தாம்.

முதல் படி: சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பது

தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16) 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய தேவை எழுவதில்லை. புறநோயாளியாக வந்துபோவது, பெற்றோருக்கான பயிற்சி, பள்ளியோடு பேசி எடுக்கும் ஏற்பாடுகள், தேவையானால் மருந்து என்ற அளவிலேயே அவர்களின் சிகிச்சை அமைகிறது. பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்று திட்டமிடுவது, சாப்பாட்டை அறவே விட்டு உடல் தேய்வது, காதில் குரல் கேட்கிறது என்று அஞ்சி நடுங்குவது, வீட்டாரின் உயிருக்கே ஆபத்தாகும் மூர்க்கம் ஆகியவை இருந்தால் நிலைமை வேறு. அப்போது விடுதி தேடிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வழி தெரியாமல் நிற்கும் நேரத்தில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச சேவையில் தமிழிலும் பேசலாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 87ஆவது பிரிவு பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதைப் பற்றியது. நோயின் கடுமை சேர்க்கையைக் கோர வேண்டும். சேர்ப்பது பிள்ளையின் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தை அறிய முடியுமானால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தபடியே தரக்கூடிய வழிகள் எல்லாம் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும், அல்லது பொருந்தாதவை என்று தெளிவாகியிருக்க வேண்டும். "எதிர்த்துப் பேசுறான், போனை விட மாட்டேங்கிறான், ஒரு மூணு மாசம் உள்ள இருந்தா திருந்திடுவான்" என்ற காரணம் இவற்றுள் எதிலும் அடங்காது. அந்தக் காரணத்தைச் சொன்னதும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் ஆயத்தமாக இருந்தால், அந்த ஆயத்தமே அந்த இடத்தைப் பற்றிப் போதிய அளவு சொல்லிவிடுகிறது.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு சிறு வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது விழித்தான், என்ன சாப்பிட்டான், கோபம் வந்த நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, அது அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவை போதும். ஓசூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படி எழுதிக்கொண்டு வந்ததைப் புரட்டிய மருத்துவர், மகனின் மூர்க்கம் ஏறத்தாழ எப்போதுமே ஞாயிற்றுக்கிழமை இரவில் வருவதைக் கண்டுபிடித்தார். விசாரித்தபோது திங்கட்கிழமை முதல் பாடவேளையில் பள்ளியில் நடந்துவந்த அவமானம் வெளியே வந்தது. அந்த நோட்டு இல்லையென்றால் "திடீர் திடீர்னு கத்துறான்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்திருக்கும்.

இரண்டாம் படி: எந்த வகை இடம் என்று பிரித்தறிவது

பெங்களூரில், குறிப்பாக ஊரின் ஓரங்களில், "ரீஹாப்" (மறுவாழ்வு மையம்) என்ற ஒரே பலகையின் கீழ் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்கள் இயங்குகின்றன. மருத்துவமனையின் குழந்தை மனநல வார்டு ஒரு வகை. மனநல நிறுவனமாகப் பதிவு செய்துகொண்ட தனியார் சிகிச்சை இல்லம் இன்னொரு வகை; குடி, போதைப்பொருள் பழக்கத்துக்குச் சிகிச்சை தருபவையும் இதில் அடங்கும், ஏனெனில் அந்தப் பழக்கம் சார்ந்த மனநிலைகளும் 2017 சட்டத்தின்படி மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அறிவுத்திறன் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை அந்த வரையறைக்குள் வருவதில்லை. அத்தகையோருக்கான இல்லங்கள் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆதரவற்ற பிள்ளைகளும் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளும் தங்கும் இல்லங்கள் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வருபவை. அங்கே அனுப்பும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. இவை எதிலும் சேராமல், ஒழுக்கம் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு நடக்கும் விடுதிகளை நான் சிகிச்சை இடங்களாகவே கருதுவதில்லை.

மனநல நிறுவனம் ஒன்று மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழையும், சேர்க்கைகளை மறுஆய்வு செய்து குறைகளையும் விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரி, தொலைபேசி எண்களையும் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். வரவேற்பறையில் சாமி படமும், விருது வாங்கிய படமும், திறப்பு விழாக் கல்வெட்டும் இருக்கும். சான்றிதழை மட்டும் "ஆபீஸ் உள்ள இருக்கு" என்பார்கள். எடுத்துவரச் சொல்லி, பெயரையும் முகவரியையும் செல்லுபடியாகும் காலத்தையும் பாருங்கள். தற்காலிகப் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை போகும்.

மூன்றாம் படி: சொல்லாமல் ஒரு முறை போய்ப் பார்ப்பது

முதல் முறை நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், மாலை ஐந்து மணி வாக்கில் போங்கள். அந்த நேரத்தில் மருத்துவர் கிளம்பியிருப்பார், பகல் ஊழியர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பசியும் சோர்வும் சேர்ந்து வரும். ஓர் இடத்தின் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும். பிற பிள்ளைகளின் அந்தரங்கம் கருதிச் சில அறைகளுக்குள் விடமாட்டார்கள், அது நியாயமே. ஆனால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தின் சுவரில் தினசரி அட்டவணை வண்ணத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான்கு முதல் ஐந்தரை வரை விளையாட்டு. அலமாரியில் ஆறு பேட்மிண்டன் மட்டைகள் இருந்தன. ஒன்றின்மேலும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை கிழியவில்லை, உறைகளின்மேல் தூசி படிந்திருந்தது. பின்பக்கத் திடலில் வலை கட்ட நட்டிருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொடி கட்டிப் போர்வை காயப்போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கூடத்தில் தொலைக்காட்சி முன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நால்வர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளரிடம் மட்டையைப் பற்றிக் கேட்டதும், மழைக்காலம் என்றார். அது மார்ச் மாதம்.

ஆகவே அட்டவணையைப் படிப்பதோடு நிற்காமல், அதில் சொன்ன நேரத்தில் சொன்ன காரியம் நடக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ஆபத்து நேரத்தில் அதை வெளியிலிருந்து திறக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறி, சன்னல் கம்பி, கொக்கி போன்றவற்றில் துணியைக் கட்ட முடியாதபடி ஏற்பாடு உண்டா என்று கேட்பதற்குக் கூச வேண்டாம்; நல்ல இடமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்வார்கள். பிள்ளைகள் தத்தம் சொந்த உடையை அணிந்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கட்டாயமாக மொட்டையடிப்பதையும், சொந்த உடை அணியவிடாமல் சீருடை திணிப்பதையும் சட்டம் தடுக்கிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் இருந்தால் அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத் தனி இடம், அவர்கள் வயதுக்கேற்ற சூழல் என்பது 87ஆம் பிரிவிலேயே உள்ள கட்டளை. போதை மீட்பு இல்லங்களில் இது அடிக்கடி மீறப்படுவதைக் கண்டிருக்கிறேன். நாற்பது வயதுக்காரர் மூவரோடு பதினாறு வயதுப் பையன் ஒரே அறையில் இருந்தான்.

நான்காம் படி: யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த மொழியில்

மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், குழந்தை மனநலத்தில் அவருக்குத் தனிப் பயிற்சி உண்டா, உளவியல் நிபுணர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா, உளவியல் செவிலியரும் சமூகப் பணியாளரும் முழு நேரமா என்பவை அடிப்படைக் கேள்விகள். "கவுன்சிலர்" என்று யார் வேண்டுமானாலும் தம்மைச் சொல்லிக்கொள்ளலாம், அந்தச் சொல்லுக்கு மயங்க வேண்டாம். இவற்றைவிட முக்கியமான கேள்வி இரவைப் பற்றியது: பத்து மணிக்கு மேல் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி? பகலில் ஐந்து நிபுணர்கள் இருந்து இரவில் ஒரு காவலாளி மட்டும் இருக்கும் இடத்தைப் பகலைக் கொண்டு மதிப்பிடக் கூடாது.

நமக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு, மொழி. பேச்சுவழிச் சிகிச்சைக்குப் பேச்சுதான் கருவி. பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் பேசும் அல்சூர்ப் பிள்ளைகூட, பயந்ததையும் வெட்கப்பட்டதையும் வீட்டுத் தமிழில்தான் சொல்லும். "மனசு ஒரு மாதிரி இருக்கு" என்று பிள்ளை சொல்வதைக் கேட்டு, அந்த "ஒரு மாதிரி"யைக் கிளறிக் கேட்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் வேண்டும். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் இல்லையென்றால் மொழிபெயர்க்கப் போவது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பெற்றோர் மொழிபெயர்க்கும்போது பெற்றோரைப் பற்றிய குறையைப் பிள்ளையால் சொல்ல முடியாது. வார்டில் துப்புரவு செய்யும் தமிழ் அம்மாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைப்பதும் நடக்கிறது. அது அந்த அம்மாவுக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை.

படிப்பைப் பற்றியும் கேளுங்கள். இரண்டு மாதம் பாடமே இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு, நோயைவிடப் பள்ளிக்குத் திரும்புவது பெரிய பயமாகிவிடும்.

ஐந்தாம் படி: சேர்க்கும் நாள்

பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பிப்பவர் அதன் நியமனப் பிரதிநிதி. சிறாருக்குப் பொதுவாகச் சட்டப்படியான பாதுகாவலரே, அதாவது பெற்றோரே, அந்தப் பொறுப்பில் இருப்பார்கள். இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரும் அல்லது மருத்துவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ பிள்ளையைத் தனித்தனியே பரிசோதித்து, இருவரும் தனித்தனியே சேர்க்கை தேவை என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்காமலேயே படிவத்தில் இரண்டாம் கையெழுத்து விழுவதைக் கண்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும்; அது போய்விட்டதா என்று மூன்றாம் நாள் கேட்பது உங்கள் வேலை.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. சேர்க்கைக் காலம் முழுவதும், எந்தச் சூழ்நிலையிலும், பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையாளரோ பிள்ளையுடன் தங்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்து பிரதிநிதி ஆணாக இருந்தால், பெண் துணையாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். இது மேலைநாட்டுச் சட்டப் புத்தகத்திலிருந்து வந்த வழக்கம் அல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரம் அடித்து உடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது நீண்டகால வழக்கம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் தூக்குப் போணியும் பாயுமாகப் பாட்டி வந்து உட்கார்ந்துகொள்வதை நாம் இடைஞ்சலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பிள்ளையின் சிகிச்சையில் அந்தப் பாய்க்கு ஓர் இடம் உண்டு.

"முதல் ஒரு மாதம் பெற்றோர் வரக் கூடாது, வந்தால் பிள்ளை செட் ஆகாது" என்று சில தனியார் இல்லங்கள் சொல்கின்றன. குடும்பத்திலிருந்து சிறிது இடைவெளி தேவைப்படும் பிள்ளைகள் உண்டு என்பது உண்மைதான்; வீட்டிலேயே துன்புறுத்தல் நடந்திருந்தால் அது அவசியமும்கூட. ஆனால் அதைக் காரணத்தோடு மருத்துவர் எழுதித் தர வேண்டும், உங்களுக்குப் பதிலாக நம்பகமான துணையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதியாக "ஒரு மாதம் வராதே" என்பது சட்டத்துக்கு முரண். அதைப் போலவே, ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு "இடையில் எடுத்தால் திரும்பத் தர மாட்டோம்" என்று எழுதி வாங்கும் இடங்களில் கவனம் தேவை. பிரதிநிதி சேர்க்கைக்கான ஆதரவை விலக்கிக்கொண்டாலோ டிஸ்சார்ஜ் கேட்டாலோ பிள்ளையை அனுப்பிவிட வேண்டும் என்பதே விதி. முன்பணத்தால் அந்த உரிமையைக் கட்டிப்போட முடியாது.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி அழைத்துப் போங்கள். லால்பாக் பூங்காவுக்குப் போகலாம் என்று ஏமாற்றிக் கூட்டிவந்து வார்டில் விட்ட பிள்ளை, முதல் இரண்டு வாரம் யாரோடும் பேசாததை ஒரு முறை பார்த்தேன். நோய்க்கான சிகிச்சை தொடங்கும் முன்பே அந்தப் பொய்யின் காயத்தை ஆற்ற வேண்டியிருந்தது.

ஆறாம் படி: சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் கேட்பது

முதல் வாரம் முடிவதற்குள் எழுத்தில் ஒரு திட்டம் உங்கள் கைக்கு வர வேண்டும். நோய் என்ன என்று கருதுகிறார்கள், எந்த நடத்தை எவ்வளவு மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், அதை யார் எப்படி அளப்பார்கள், எந்தத் தேதியில் திட்டத்தைத் திரும்பப் பார்ப்பார்கள், வீடு திரும்புவதற்கான அளவுகோல் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். "கோபம் குறைய வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. "கோபம் வரும்போது அறையை விட்டு வெளியே வந்து செவிலியரிடம் சொல்வது, வாரத்தில் ஐந்து முறையில் மூன்று முறையாவது நடக்க வேண்டும்" என்பது இலக்கு.

மருந்தைப் பொறுத்தவரை பெயர், அளவு, எதற்காக, எவ்வளவு காலம், பக்கவிளைவுக்கு என்ன கண்காணிப்பு என்ற ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூர்க்கம், குரல் கேட்பது போன்றவற்றுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் வகை மருந்துகளில் எடை ஏறும். எடை, இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும் பிறகு குறித்த இடைவெளியிலும் பார்க்க வேண்டும். கவனக் குறைபாட்டுக்கு மெதைல்பெனிடேட் தரும்போது பசி குறையும். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருங்கிக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறாருக்காக இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலேயே கட்டாயமாக்கியது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு வால்புரோயேட் (வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் மருந்து) எழுதினால் மாற்று உண்டா என்று கேளுங்கள்; பிற்காலக் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. நான் சொன்ன தொலைக்காட்சிக் கூடம் நினைவிருக்கும். பிள்ளை பகலெல்லாம் தூங்குவதை "அமைதியாயிட்டான்" என்று சொல்லும் இடத்தில் மருந்தின் அளவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நல்ல நடத்தைக்குப் புள்ளி தரும் முறை பரவலாக உள்ளது. நன்றாகச் செய்தால் பயனும் தரும். ஆனால் புள்ளி கொண்டு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். கூடுதல் கேரம் நேரமும் கதைப் புத்தகமும் அதில் இருக்கலாம். சாப்பாடு, குளியல், அம்மாவோடு தொலைபேசிப் பேச்சு, திறந்தவெளி ஆகியவை இருக்கக் கூடாது. அவை பிள்ளைக்கு உரியவை.

ஏழாம் படி: கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும்

இதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியோடு வளர்ந்த தமிழர்கள் நாம். ஆயினும் "ரெண்டு நாள் கட்டிப் போட்டாத்தான் சரிப்படுவான்" என்று சொல்லும் உறவினர் இன்றும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் சட்டம் அனுமதிப்பதில்லை. தனியறையில் அடைத்துவைப்பது முற்றிலும் தடை. கையையோ உடலையோ பிடித்துக் கட்டுப்படுத்துவது, உடனடியாக நேரக்கூடிய தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல், மருத்துவப் பணியாளர் தொடர்ந்து கவனிக்கும்படி நடக்க வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் போதவில்லை என்பதும் காரணமாகாது. ஒவ்வொரு முறையும் காரணம், நேரம், முறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறாருக்கு மின் அதிர்வுச் சிகிச்சை தருவதானால் பாதுகாவலரின் சம்மதத்தோடு வாரியத்தின் முன் அனுமதியும் தேவை.

சேர்ப்பதற்கு முன்பே கேளுங்கள்: "கடந்த மாதத்தில் எத்தனை முறை ஒரு பிள்ளையைப் பிடித்துக் கட்டுப்படுத்த நேர்ந்தது?" என்று. "எங்ககிட்ட அந்த மாதிரி எதுவுமே நடக்காது" என்ற பதில் எனக்கு நிம்மதி தருவதில்லை. கடுமையான நிலையில் உள்ள பிள்ளைகளை ஏற்கும் இடத்தில் எப்போதாவது அது நடக்கத்தான் செய்யும். நான் பார்த்த நல்ல வார்டு ஒன்றில் மூத்த செவிலியர் எண்ணிக்கையைச் சொன்னார். பிறகு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அடுத்த நாள் அந்தப் பிள்ளையோடும் ஊழியரோடும் உட்கார்ந்து "எந்தக் கட்டத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம்" என்று பேசுவதைச் சொன்னார். மாலை ஆறு மணிக்குச் சமையலறைக் குக்கர் சத்தம் ஒரு சிறுமிக்குப் பொறுக்காது என்று அப்படித்தான் தெரியவந்ததாம். அதன்பின் அந்த நேரத்தில் அவளை மாடிக்கு அழைத்துப்போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தார்கள், கட்டுப்படுத்த வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

எட்டாம் படி: குறை இருந்தால்

பிள்ளையைத் தனியே, நடந்துகொண்டே, கேளுங்கள். "அடிச்சாங்களா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டும். "ராத்திரி லைட் அணைச்சதுக்கப்புறம் என்ன நடக்கும்? யாரைப் பார்த்தா ஒளிஞ்சுக்கணும்னு தோணும்?" என்று கேட்டால் பேசும். மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முதலில் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மனநல மறுஆய்வு வாரியம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, படிவத்தையும் வாரியத்தோடு இலவசமாகத் தொலைபேசியில் பேசும் வசதியையும் நிறுவனமே தர வேண்டும். வாரியத்தின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பிள்ளைகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

பாலியல் சீண்டல் என்ற சந்தேகம் எழுந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனம் "உள்ளேயே விசாரிக்கிறோம்" என்று சொல்லி நிறுத்திவைக்க முடியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பிள்ளையை அன்றே அந்த இடத்திலிருந்து அகற்றுங்கள்.

ஒன்பதாம் படி: முப்பதாம் நாளும், வீடு திரும்புதலும்

சேர்க்கை 30 நாளைத் தொட்டால் வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வாரியம் ஏழு நாளுக்குள் கட்டாயமாக மறுஆய்வு செய்ய வேண்டும், அதன் பின்னும் முப்பது நாளுக்கு ஒருமுறை. இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். இன்னும் ஏன் உள்ளே இருக்க வேண்டும் என்ற கேள்வியை வெளியாள் ஒருவர் கேட்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

டிஸ்சார்ஜுக்கான ஏற்பாடு சேர்த்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். பிள்ளை உள்ளே மாறிக்கொண்டிருக்கும்போது வீடு மாறாமல் இருந்தால், திரும்பிய பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பெற்றோர் பயிற்சியில் அப்பாக்களும் உட்கார வேண்டும். "எனக்கு டியூட்டி இருக்கு, இவ பார்த்துப்பா" என்று பீன்யா தொழிற்பேட்டைக்குக் கிளம்பிவிடும் அப்பாக்களிடம் நான் கண்டிப்பாகவே பேசியிருக்கிறேன். இறுதி நாளுக்கு முன் ஒன்றிரண்டு முறை வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டம் ஒன்று, வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில்) உள்ள பிள்ளைகளைச் சேர்க்கும் சிகிச்சை இல்லங்களுக்கு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் குடும்பத்தோடு இணைந்த தொடர் உதவி தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு காலக்கெடு இல்லை. ஆறு மாதம் என்பதை நீங்களே கேட்டு வாங்குங்கள்: முதல் சந்திப்பு ஏழு நாளுக்குள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரவில் நெருக்கடி வந்தால் அழைக்க ஓர் எண், பள்ளிக்கு ஒரு கடிதம். பள்ளிக் கடிதத்தில் நோயின் பெயர் வேண்டியதில்லை. முன்வரிசை இடம், தேர்வில் கூடுதல் நேரம், பதற்றம் வந்தால் போய் உட்கார ஓர் அறை என்று தேவைகள் இருந்தால் போதும். காப்பீடு இருந்தால் எல்லா ரசீதையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் வைத்திருங்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம், மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

நோட்டையும் தொடருங்கள். ஓசூர் அம்மா ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அதே நோட்டைக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஒரு பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் "இரவு 10.30, தூங்கிவிட்டான்" என்றிருந்தது. அதன் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில்: "தூங்கல. சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன். 12 மணிக்குத்தான் தூங்கினேன்." மருத்துவர் அம்மாவை விட்டுவிட்டு நாற்காலியைப் பையன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.